மைதானத்துக்குத் திரும்பும் வழி

(மகளிர் கல்லூரி ஒன்றின் பழைய மாணவியர் கூட்டத்தில் உடற்கல்வி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பெண்களும் உடற்பயிற்சியும் என்று பொதுவாகப் பேசச் சொல்லித்தான் சங்கச் செயலாளர் முதலில் கேட்டார். அதைப் பேசுவதற்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு வேறொன்றைப் பேச ஆசை என்று சொன்னேன். இந்த அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் ஒரு காலத்தில் ஓடியவர்கள். குறுவட்டப் போட்டியில் ஜெயித்து மாவட்டத்துக்குப் போனவர்கள், மாநிலப் போட்டி வரைக்கும் போனவர்கள், பல்கலைக்கழக அணியில் இருந்தவர்கள். பிறகு நின்றுபோனவர்கள். நின்றுபோனவர்கள் திரும்ப ஓடுவதைப் பற்றி மட்டும் இன்றைக்குப் பேசுகிறேன்.

எப்படி நின்றோம் என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் யாரும் நம்மைக் கூப்பிட்டு ஓடாதே என்று சொன்னதில்லை. பிளஸ் டூ வந்தது, மைதானத்துக்குப் போன காலை நேரம் டியூஷனுக்குப் போயிற்று. கல்லூரியில் கொஞ்ச நாள் ஓடினோம். அப்புறம் வேலை, கல்யாணம், பிள்ளைகள், பெரியவர்களுக்கு மருத்துவமனை. ஸ்பைக்ஸ் ஷூ அட்டைப்பெட்டியோடு பரணுக்குப் போய், வீடு மாறும்போது எங்கேயோ தொலைந்தது. என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளின் அம்மாக்களைக் கேட்டால் இதைத்தான் சொல்கிறார்கள். "நானும் ஸ்கூல்ல நல்லா ஓடுவேன் டீச்சர்" என்று உற்சாகமாக ஆரம்பிக்கிறார்கள். "அதெல்லாம் அப்போ" என்று உடனே குரலை இறக்கிவிடுகிறார்கள். அப்படிக் குரல் இறங்கும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது. நான் இங்கே பேச வந்ததற்கு அதுதான் காரணம்.

நம் பக்கத்து மாநிலத்து பி.டி. உஷாவைத் தெரியாதவர் இங்கே இருக்க மாட்டீர்கள். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு பிந்தி நான்காவதாக வந்தார். அதை இன்றைக்கும் வருத்தத்தோடு பேசுகிறோம். 1986 சியோல் ஆசியப் போட்டியில் அவர் வாங்கிய நான்கு தங்கத்தையும் பேசுகிறோம். ஆனால் 1998-ஐ யாரும் சொல்வதில்லை. பெய்ஜிங் ஆசியப் போட்டிக்குப் பிறகு விலகி, திருமணமாகி, ஒரு பிள்ளைக்குத் தாயாகி, மறுபடியும் பயிற்சிக்கு வந்தவர் அவர். 1998-ல் ஜப்பானின் ஃபுகுவோகாவில் நடந்த ஆசியத் தடகளத்தில் 200 மீட்டரிலும் 400 மீட்டரிலும் வெண்கலம், 4x100 தொடர் ஓட்டத்தில் தங்கம். அப்போது அவருக்கு 34 வயது. சியோலின் தங்கங்களைவிட இந்த வெண்கலங்கள்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன. நம்மில் யாரும் சியோலுக்குப் போயிருக்க முடியாது. விட்டுவிட்டுத் திரும்பி வருவது நமக்கும் தெரிந்த பாதை.

அதற்கு அரை நூற்றாண்டு முன்னால் நெதர்லாந்தில் ஃபேனி பிளாங்கர்ஸ்-கோன். 18 வயதில் 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் கலந்துகொண்டார், பதக்கம் இல்லை. அடுத்த இரண்டு ஒலிம்பிக்கையும் போர் விழுங்கிவிட்டது. 1948-ல் லண்டனுக்கு வந்தபோது அவருக்கு 30 வயது, இரண்டு குழந்தைகள். வயதாகிவிட்டது என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இரு என்று அவருக்குக் கடிதங்களே வந்தன. அவர் 100 மீட்டர், 200 மீட்டர், 80 மீட்டர் தடை ஓட்டம், தொடர் ஓட்டம் என்று நான்கிலும் தங்கம் வாங்கினார். இரண்டு தங்கம் வாங்கியதுமே போதும், பிள்ளைகளைப் பார்க்க வேண்டும், வீட்டுக்குப் போகிறேன் என்று அழுதிருக்கிறார். பயிற்சியாளராகவும் இருந்த கணவர்தான் பேசிப் பேசி நிறுத்திவைத்தார். அந்த அழுகை எனக்கு அந்நியமாகப் படவில்லை. மைதானத்தில் நிற்கும்போது வீடு இழுக்கும், வீட்டில் இருக்கும்போது மைதானம் இழுக்கும். இந்த இரண்டு இழுப்புக்கும் நடுவில்தான் நம் ஊர்ப் பெண்களும் ஓட வேண்டியிருக்கிறது.

இவர்களெல்லாம் உலக வீராங்கனைகள். இனி நம் மைதானத்துக்கு வருகிறேன்.

எங்கள் பள்ளி மைதானத்தில் காலையில் சில பெண்கள் கூடுகிறோம். போன வருஷம் புதிதாக ஒருவர் வந்து சேர்ந்தார், அரசு அலுவலகத்தில் வேலை. மகனுடைய ஷூவைப் போட்டுக்கொண்டு, அது பெரிதாக இருந்ததால் இரண்டு ஜோடி சாக்ஸ் மாட்டிக்கொண்டு வந்தார். துப்பட்டாவைக் குறுக்காகப் போட்டு இடுப்பில் முடிச்சுப் போட்டிருந்தார். கொடிக்கம்பத்திலிருந்து வேப்பமரம் வரைக்கும் மெதுவாக ஓடுங்கள், அங்கிருந்து நடந்து வாருங்கள் என்று சொன்னேன். அவர் பாதித் தூரத்துக்குள்ளேயே வேகமெடுத்துவிட்டார். முதுகு நிமிர்ந்துவிட்டது. முழங்கை தொண்ணூறு பாகையில் மடிந்து, கை முன்னும் பின்னும் நேராக வீசியது. யாரோ ஒரு பி.டி. டீச்சர் முப்பது வருஷத்துக்கு முன்னால் விசிலும் கையுமாகச் சொல்லிக்கொடுத்த கைவீச்சு அது. பார்த்தவுடனே தெரிந்தது, இந்தம்மா 200 மீட்டர்க்காரி. மரத்தடியில் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். சிரிப்பு அடங்கவே இல்லை. "என்னம்மா?" என்றேன். "காதுல காத்து சத்தம் கேட்டுச்சு டீச்சர்" என்றார்.

ஓடியவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். நடக்கும்போது அது கேட்காது.

சரி, இந்தச் சந்தோஷத்தைக் காப்பாற்றுவது எப்படி? இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். திரும்ப ஓட வருகிறவர்களில் பலர் இரண்டு மூன்று மாதத்துக்குள் காணாமல் போய்விடுகிறார்கள். சோம்பல்தான் காரணம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை, உற்சாகத்தால் நின்றுபோனவர்கள்தான் அதிகம்.

உடம்புக்குள் நடப்பதைச் சொல்கிறேன். 1984-ல் எட்வர்ட் காயில் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவும் நன்றாகப் பழகிய ஓட்டக்காரர்களையும் சைக்கிள் வீரர்களையும் மூன்று மாதம்போல் பயிற்சியை நிறுத்தச் சொல்லி அளந்து பார்த்தார்கள். உடம்பு அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துப் பயன்படுத்துகிறது என்பது ஓட்டக்காரருக்கு முக்கியமான அளவு. பயிற்சியை நிறுத்திய முதல் 21 நாளில் அது 7 விழுக்காடு குறைந்தது. எட்டு வாரம் ஆனபோது 16 விழுக்காடு குறைந்து, அதற்குக் கீழே போகாமல் அங்கேயே நின்றது. முதலில் குறைவது ரத்தத்தின் நீர்ப்பகுதி. அது குறைந்தால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளும் ரத்தமும் குறையும், கொஞ்சம் ஓடினாலே மூச்சு வாங்கும். ஆனால் பயிற்சியில் தசைக்குள் உண்டான நுண்ணிய ரத்தக்குழாய்கள் அந்த மூன்று மாதத்திலும் குறையவே இல்லை.

நாம் நிறுத்தியது மூன்று மாதத்துக்கு இல்லை, வருஷக்கணக்கில். ஆகவே அந்த 16 விழுக்காட்டை அப்படியே நமக்குப் பொருத்தக் கூடாது. வயதாலும் கொஞ்சம் போயிருக்கும். நமக்கு உதவுவது வேறொரு விஷயம். சீக்கிரம் போனது சீக்கிரம் திரும்பி வரும். ரத்தத்தின் நீர்ப்பகுதி ஓரிரு வாரத்திலேயே கூட ஆரம்பிக்கிறது. நம் ஊர் வெக்கையில் வியர்க்க வியர்க்க ஓடினால் இன்னும் நன்றாகவே கூடும். இதயம் பழகுகிறது. முதல் வாரம் மைதானத்தைப் பாதி சுற்றியதும் நின்றவர் நான்காவது, ஐந்தாவது வாரத்தில் முழுச் சுற்றும் ஓடிவிட்டு, "இன்னும் ஒரு ரவுண்டு போகட்டுமா டீச்சர்?" என்று கேட்கிறார். முகத்தில் பதினெட்டு வயது வந்துவிடுகிறது.

நான் பயப்படுவது அந்த வாரத்துக்குத்தான்.

இதயமும் மூச்சும் சில வாரத்தில் தேறிவிடுகின்றன. எலும்புக்கும் தசைநாணுக்கும் அந்த வேகம் கிடையாது. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் நம் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு பாரம் காலில் இறங்குகிறது. அந்தப் பாரத்துக்கு ஏற்ப எலும்பு தன்னைத் திருத்தி அமைத்துக்கொள்ளும். பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர் முதலில் சுவரின் காரையைப் பெயர்ப்பதுபோல, அது முதலில் பழைய பகுதியை அரித்தெடுத்துவிட்டுத்தான் புதிதாகக் கட்டத் தொடங்குகிறது. கட்டியது இறுக மாதக்கணக்காகும். இடைப்பட்ட சில வாரங்களில் எலும்பு முன்பைவிடக் கொஞ்சம் பலவீனமாகவே இருக்கும். குதிகாலுக்கு மேலே கெட்டியாக ஓடும் அக்கிலிஸ் நாணும் மெதுவாகத்தான் பலப்படும். மூச்சு "போ" என்கிறது, கால் தயாராக இல்லை. பிள்ளைகள் ஷின் பெயின் என்று சொல்கிறார்களே, கணைக்கால் முன்னெலும்பு ஓரத்தில் வரும் அந்த வலி, குதிகால் வலி, எலும்பில் மயிரிழை விரிசல் எல்லாம் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில் வருகின்றன. முதல் வாரத்துக் களைப்பில் யாருக்கும் அடிபடுவதில்லை. ஐந்தாம் வாரத்து ஆனந்தத்தில்தான் படுகிறது. அப்புறம் ஆறு வாரம் ஓய்வு, வீட்டில் "இந்த வயசுல இது தேவையா?" என்ற கேள்வி. அதோடு ஷூ மறுபடியும் பரணுக்குப் போகிறது.

ஆகவே என்னிடம் வருகிறவர்களுக்கு நான் வைத்திருக்கும் சட்டம் எளிமையானது. வாரம் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, மொத்தம் அரை மணி நேரம். உடம்பு இன்னும் கேட்கும்போது வீட்டுக்குப் போய்விட வேண்டும். இன்னும் ஒரு ரவுண்டு என்று கேட்பவரிடம், நாளை மறுநாள் வந்து ஓடுங்கள் என்று சொல்வேன். நடுநடுவே நடப்பதைக் கேவலமாக நினைக்க வேண்டாம். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் கேலோவே, பின்னாளில் சாதாரண ஜனங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே ஓட்டமும் நடையும் கலந்த முறைதான். அந்த முறையில் மாரத்தான் முடித்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

ஓடும் வேகத்துக்கு அளவுகோல், பக்கத்தில் ஓடுகிறவரிடம் பேச முடிவது. முழு வாக்கியமாகப் பேச வரவில்லை என்றால் வேகம் அதிகம். நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் 1960-களின் தொடக்கத்தில் ஆக்லாந்தில் நடுவயதுக்காரர்களை, அதிலும் இதய நோய் வந்து தேறியவர்களை, இப்படித்தான் மெதுவாக ஓட வைத்தார். இதயநோயாளி அசையவே கூடாது என்று நினைத்த காலம் அது. 1962-ல் அங்கே போன பில் பவர்மன் அமெரிக்காவின் பெரிய தடகளப் பயிற்சியாளர், பிற்காலத்தில் நைக்கி கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர். எத்தனையோ பேரை ஓட வைத்த அவர் தானே ஓடுவதை விட்டு நாளாகியிருந்தது. லிடியார்ட் குழுவோடு ஓடப் போய், மேட்டில் ஏற முடியாமல் திணறினார். எழுபதைத் தாண்டிய ஒருவர், மாரடைப்பு வந்து பிழைத்தவர், வேகத்தைக் குறைத்துக்கொண்டு அவருக்குத் துணையாக ஓடி வந்தார். ஊர் திரும்பிய பவர்மன் சாதாரண மக்களுக்காக மெதுவோட்ட வகுப்பு நடத்தினார், 1967-ல் ஒரு மருத்துவரோடு சேர்ந்து அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். அமெரிக்காவில் ஜாகிங் பரவியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. இந்தக் கதையில் எனக்கு அந்தப் பெரியவரைத்தான் பிடிக்கும். திரும்பி வருகிறவருக்கு முதல் நாளில் அப்படி ஒருவர் பக்கத்தில் இருந்துவிட்டால் போதும்.

மெதுவாக ஓடினால் சந்தோஷம் குறையுமோ என்று நினைக்க வேண்டாம். ஓடிய பிறகு மனசு லேசாவதற்கு எண்டார்ஃபின் காரணம் என்று பல வருஷமாகச் சொல்லி வந்தார்கள். 2021-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் ஓர் ஆய்வு வெளியானது. 63 பேரைச் சேர்த்து, அவர்களில் ஒரு பகுதியினருக்கு எண்டார்ஃபின் வேலை செய்யாமல் தடுக்கும் மாத்திரையைக் கொடுத்து, 45 நிமிடம் ஓட வைத்தார்கள். அப்படியும் அந்த மகிழ்ச்சி வந்தது, பதற்றமும் தணிந்தது. உடம்பே சுரக்கும் எண்டோகேனபினாய்டு என்ற வேறொரு வகைப் பொருள்தான் காரணமாக இருக்கும் என்று இப்போது கருதுகிறார்கள். அதற்கு முன்பே, 2013-ல், டேவிட் ரைக்லன் என்ற ஆய்வாளர் வெவ்வேறு வேகத்தில் ஓட வைத்து அந்தப் பொருளை ரத்தத்தில் அளந்தார். சும்மா நடந்தபோது அது உயரவில்லை. மூச்சு முட்ட ஓடியபோதும் உயரவில்லை. நடுத்தர வேகத்தில் உயர்ந்தது. பள்ளிக்கூடத்தில் நாம் ஓடியதெல்லாம் மூச்சு முட்டிய ஓட்டம். பதக்கத்துக்காக ஓடினோம், பி.டி. டீச்சருக்குப் பயந்து ஓடினோம். ஆகவே தைரியமாகச் சொல்கிறேன், நாற்பது வயதில் நிதானமாக ஓடிக் கிடைக்கும் சுகம் உங்களில் பலருக்குப் புதியதாகவே இருக்கும்.

திரும்ப ஓட வந்தவர்களைப் பேசும்போது ஃபௌஜா சிங்கைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பஞ்சாபில் ஜலந்தர் பக்கத்து விவசாயி. சின்ன வயதில் கால்கள் மெலிந்து, ஐந்து வயது வரை நடக்காத பிள்ளை. வாலிபத்தில் ஆசைக்கு ஓடியவர், பிறகு விட்டுவிட்டார். முதலில் மனைவி போனார். 1994-ல் மகன் குல்தீப் கண்ணெதிரே விபத்தில் இறந்தார். பெரியவர் லண்டனில் இருந்த இன்னொரு மகனிடம் போய்ச் சேர்ந்தார். அந்தத் துக்கத்திலிருந்து எழுந்துதான் மறுபடியும் ஓட ஆரம்பித்தார். 2000-ல் லண்டன் மாரத்தானை ஓடி முடித்தபோது வயது 89. 2011-ல் டொரன்டோவில் 100 வயதில் 42 கிலோமீட்டரை எட்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் முடித்தார். கடவுச்சீட்டில் 1911 என்று இருந்தும், பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் அதை ஏற்கவில்லை. 1911-ல் பஞ்சாப் கிராமத்தில் பிறந்தவரிடம் சான்றிதழ் எங்கே இருக்கும்? 2025 ஜூலையில் சொந்த ஊர் அருகே சாலையைக் கடக்கும்போது கார் மோதி இறந்தார். செய்தியைப் படித்த அன்று எனக்கு மனசே சரியில்லை. துக்கத்தில் இருப்பவரை ஓடச் சொல்லி நான் ஒருநாளும் வற்புறுத்த மாட்டேன். ஆனால் எங்கள் குழுவில் கணவரை இழந்த ஒருவர் இருக்கிறார். பேச்சே இல்லாமல் வந்து, ஓடி, போய்விடுவார். அவருக்கு அந்த அரை மணி நேரம் என்ன கொடுக்கிறது என்று நான் கேட்டதில்லை. ஒருநாளும் அவர் வராமல் இருந்ததில்லை.

இனி, மேடைகளில் பேசத் தயங்கும் சில விஷயங்கள். இங்கே எல்லோரும் பெண்கள், வெளிப்படையாகவே பேசலாம். பிரசவத்துக்குப் பிறகு ஓடினால் சிறுநீர் கசிகிறது என்பதாலேயே ஓட்டத்தை விட்டவர்கள் நிறைய. வெளியே சொல்லாமல், முட்டி வலி என்று காரணம் சொல்லிவிடுவார்கள். இதற்கு வெட்கப்பட ஒன்றும் இல்லை. அடி இடுப்புத் தசைகளுக்கான பயிற்சி இருக்கிறது, பெரும்பாலானவர்களுக்குப் பலன் தருகிறது. மகப்பேறு மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்ட்டிடமோ வாய்விட்டுக் கேளுங்கள். அடுத்தது, விலை உயர்ந்த ஷூவுக்கு முன்னால் நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா ஒன்று வாங்குங்கள். ரத்தசோகை இருக்கிறதா என்று ஒரு தடவை பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபின் எட்டில் இருக்கும்போது மூச்சு வாங்கினால் அதற்குப் பயிற்சிக் குறைவைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. சர்க்கரை, பிபி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம். நெஞ்சை அழுத்தினாலோ தலை சுற்றினாலோ அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள்.

தெருவில் ஓடத் தயக்கமாக இருக்கிறது என்கிறார்கள். நாய் துரத்தும், பார்க்கிறவர்கள் ஏதாவது சொல்வார்கள். இரண்டும் உண்மை. அதனால்தான் மார்கழியில் ஆரம்பியுங்கள் என்று சொல்வேன். வெயில் இல்லை. விடியும் முன்பே வாசலுக்கு வாசல் பெண்கள் கோலம் போட்டுக்கொண்டு நிற்பார்கள், கோயிலில் பாட்டு ஒலிக்கும், பால்காரர் போவார். வருஷத்தில் அந்த ஒரு மாதம் அந்த நேரத்துத் தெரு பெண்களுடையதாக இருக்கிறது. அப்போது பழகிவிட்டால் தை மாதத்தில் பார்க்கிறவர்களுக்கும் பழகியிருக்கும்.

கடைசியாக ஒரு செய்தி. லண்டனில் புஷி பார்க் என்ற பூங்காவில் 2004 அக்டோபரில் பால் சின்டன்-ஹியூவிட் என்பவர் ஒரு சனிக்கிழமை ஓட்டத்தை ஆரம்பித்தார். அப்போது அவர் அடிபட்டு ஓட முடியாமல் இருந்தார். நண்பர்களை விட்டுவிடக் கூடாது என்று, அவர்களை ஓட வைத்துத் தான் நேரம் குறித்தார். முதல் வாரம் வந்தவர்கள் 13 பேர். கட்டணமில்லாத அந்த 5 கிலோமீட்டர் ஓட்டம் பார்க்ரன் என்ற பெயரில் இன்றைக்குப் பல நாடுகளில் நடக்கிறது.

அப்படி ஓர் ஓட்டத்தை இங்கேயும் ஆரம்பிக்க உங்கள் கல்லூரி முதல்வர் அம்மாவிடம் பேசியாகிவிட்டது. வருகிற திங்கட்கிழமை முதல் திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் கல்லூரி மைதானத்தின் மேற்கு வாசலைக் காலை ஐந்தரைக்குத் திறந்து வைப்பார்கள். ஆறரைக்கு மூடிவிடுவார்கள், அதற்குமேல் மாணவிகளுக்குப் பயிற்சி இருக்கிறது. தண்ணீர் நீங்களே கொண்டுவர வேண்டும். உடை மாற்ற ஓர் அறை கேட்டிருக்கிறேன், கிடைத்துவிடும். முட்டி ஆபரேஷன் ஆனவர்கள், இப்போதைக்கு ஓட முடியாதவர்கள் யாராவது வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ள முன்வந்தால் எனக்குப் பெரிய உதவியாக இருக்கும். பெயர் கொடுக்கும் நோட்டு வாசல் மேசையில் இருக்கிறது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள், நேரம் இருக்கிறது.